போர்வெல்லில் மழைநீரை விட்டால் பூமி அதிருமா?

கேள்வி: 2021 மழையில் ஆயன்குளம் படுகைக் கிணற்றுக்குள் வெள்ளம் வாரக்கணக்கில் இறங்கியும் கிணறு நிரம்பவில்லை. பூமிக்குள் தண்ணீரை இறக்கினால் நிலநடுக்கம் வரும் என்கிறார்களே, வீட்டு போர்வெல்லில் மாடித் தண்ணீரை விடலாமா?
– வாசகி, திசையன்விளை

பதில்: தாராளமாக விடலாம். ஆனால் நீங்கள் கேள்விப்பட்டது புரளி அல்ல.

ஆழத்துப் பாறைப் பிளவுகளை நழுவவிடாமல் இறுக்கிப் பிடித்திருப்பது மேலே உள்ள பாறையின் பாரம். 3 கி.மீ. ஆழத்தில் அது சுமார் 750 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). பிளவுக்குள் புகும் நீரின் அழுத்தம் 10 பார் கூடினால், உராய்வுப் பிடி ஏறக்குறைய 6 பார் குறையும். நழுவத் தயாராக இருக்கும் பிளவுக்கு அதுவே போதும். பிளவை நகர்த்தும் விசை ஏற்கெனவே பாறையில் தேங்கியிருப்பது. தண்ணீர் பிடியைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் டென்வர் அருகே ராணுவ ரசாயனக் கழிவுநீரை 3,671 மீட்டர் ஆழக் கிணற்றில் 1962 மார்ச் முதல் இறக்கினார்கள். அடுத்த மாதமே அதிர்வுகள் தொடங்கின. 1966 பிப்ரவரியில் நிறுத்தியும், ரிக்டரில் 5-ஐ நெருங்கிய பெரிய அதிர்வு வந்தது 1967 ஆகஸ்டில்தான். உள்ளே ஏறிய அழுத்தம் கிணற்றை மூடியதும் அடங்கிவிடாது. பாறை இடுக்குகளில் மெல்லப் பரவிக்கொண்டே போகும்.

பம்பு வைத்து அழுத்தினால்தான் ஆபத்து என்பதும் சரியில்லை. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் எண்ணெய்க் கிணற்று உப்புநீர் பல இடங்களில் தானாகவே இறங்கியது. எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள கெட்டியான அடித்தளப் பாறையை ஒட்டிய அடுக்கில், நூற்றுக்கணக்கான கிணறுகளில், ஆண்டுக்கணக்கில் கொட்டியதுதான் வினை. 2016-ல் அங்கே 5.8 அளவுக்கு நிலம் அதிர்ந்தது.

ஆயன்குளம் கதை வேறு. ஐஐடி சென்னைக் குழு ஆராய்ந்ததில், அந்தத் தண்ணீர் ஆழம் குறைந்த சுண்ணாம்புப் பாறைக் குகைகள் வழியாகப் பக்கவாட்டில் ஓடுவது தெரிந்தது. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறும். ஆழத்தில் அடைபட்டு அழுத்தம் சேராது. அங்கே கவனிக்க வேண்டியது தரை உள்வாங்குவதைத்தான்.

உங்கள் வீட்டுக் கணக்கோ மிகச் சின்னது: 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழைக்குச் சுமார் 930 லிட்டர். போரைக் கெடுப்பது வண்டல். பருவத்தின் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். பிறகு வடிகட்டித் தொட்டி வழியாக மட்டும் விடுங்கள்: அடியில் 40 மி.மீ. ஜல்லி, அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி, மேலே ஆற்று மணல். மணலின் மேல்படிவை ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன்பே சுரண்டி மாற்றுங்கள். இல்லாவிட்டால் தொட்டி அடைத்துக்கொண்டு, கலங்கல் நீர் பக்கவாட்டில் வழி தேடிப் போருக்குள் இறங்கும். சாக்கடை நீரையும் உரம் போட்ட வயலின் வடிநீரையும் போர்ப் பக்கமே அண்டவிடாதீர்கள்.