95 சதவீதம் விழுந்த டிஜிட்டல் ஹெல்த் பங்கு: இன்னும் வாங்கி ஆவரேஜ் செய்யலாமா?

கேள்வி: நான் செவிலியராக வேலை பார்க்கிறேன். கொரோனா நேரத்தில் வீடியோவில் டாக்டரைப் பார்ப்பது நோயாளிகளுக்கு எவ்வளவு பெரிய உதவியாக இருந்தது என்று கண்ணால் பார்த்தவள். அந்த நம்பிக்கையில் 2021 தொடக்கத்தில், வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் சேவை தரும் அமெரிக்க நிறுவனமான டெலடாக்கின் பங்குகள் கொஞ்சம் வாங்கினேன். இன்று சுமார் 95 சதவீதம் நஷ்டத்தில் நிற்கிறது. ஆனால் துறை வளர்ந்துகொண்டுதானே போகிறது? இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது இன்னும் வாங்கி ஆவரேஜ் செய்துவிடலாமா, இல்லை இதே துறையில் வேறு பங்குகளுக்கு மாறிவிடலாமா? கையில் இருப்பது மகளின் கல்லூரிப் படிப்புக்குச் சேர்த்த பணம், இரண்டு வருடத்தில் தேவைப்படும்.

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எனக்குக் கவலை தந்தது அதுதான். இரண்டு வருடத்தில் தேவைப்படும் பணத்தை டெலடாக்கில் மட்டுமல்ல, உலகத்தின் மிகச் சிறந்த நிறுவனத்தின் பங்கில்கூடப் போடாதீர்கள். கல்லூரி கட்டணத்துக்குக் கடைசி தேதி உண்டு, பங்குச் சந்தைக்குக் கிடையாது. அந்தப் பணம் வங்கி வைப்பில் இருக்கட்டும், வட்டி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. இதில் நான் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, இப்போது ஆவரேஜ் விஷயம். 100-க்கு வாங்கிய பங்கு 5-க்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் 100 போட்டீர்கள், ஒரு பங்கு கிடைத்தது. இப்போது இன்னொரு 100 போட்டால் 20 பங்கு கிடைக்கும். மொத்தம் 21 பங்கு, போட்ட பணம் 200, ஆகவே சராசரி விலை ஒன்பதரைக்குப் பக்கம். கேட்க நன்றாக இருக்கிறது, 100-இலிருந்து ஒன்பதரைக்கு இறங்கிவிட்டோம். ஆனால் முதல் தேறுவதற்கே அந்தப் பங்கு இன்னும் 90 சதவீதம் ஏற வேண்டும். 5-இலிருந்து இரண்டரைக்கு இறங்கினால் இப்போது போடும் 100-இல் பாதி போய்விடும். "95 சதவீதம் விழுந்தாயிற்று, இனி விழ என்ன இருக்கிறது" என்று நிறையப் பேர் எனக்கு எழுதுகிறார்கள். 95 சதவீதம் விழுந்த ஒரு பங்கு என்பது, 90 சதவீதம் விழுந்திருந்தபோது அதை வாங்கியவருடைய பணம் பாதியாகிப்போன பங்கு.

நீங்கள் சொல்வதில் ஒன்று முழுக்க உண்மை: துறை வளர்கிறது. டெலடாக்கும் வளர்ந்தது. 2020-இல் அதன் ஆண்டு வருமானம் சுமார் 109 கோடி டாலர், 2024-இல் சுமார் 257 கோடி டாலர். இரண்டு மடங்குக்கும் மேல். இதே காலத்துக்குள்தான் பங்கு விலை 2021 பிப்ரவரியில் 290 டாலரைத் தாண்டிப் போய், பிறகு 10 டாலருக்கும் கீழே வந்தது. வருமானம் இரண்டு மடங்கு ஆன நிறுவனத்தின் பங்கு ஏன் இப்படி ஆனது? இதைப் புரிந்துகொள்ளாமல் இந்தத் துறையில் வேறு எந்தப் பங்குக்கு மாறினாலும் அதே கதைதான் நடக்கும், அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவழிப்போம்.

2020 ஆகஸ்டில் டெலடாக், சர்க்கரை நோயாளிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் லிவோங்கோ என்ற நிறுவனத்தை 1,850 கோடி டாலர் மதிப்பில் வாங்குவதாக அறிவித்தது. லிவோங்கோ பங்குச் சந்தைக்கு வந்தே அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. விலையின் பெரும்பகுதியை டெலடாக் தன் சொந்தப் பங்குகளாகவே கொடுத்தது. விளைவு, இணைந்த நிறுவனத்தில் டெலடாக்கின் பழைய பங்குதாரர்களுக்கு 58 சதவீதம், மீதி லிவோங்கோகாரர்களுக்கு. உங்கள் கையில் இருந்த பங்கின் எண்ணிக்கை மாறாமலே நிறுவனத்தில் உங்கள் பங்கு சுருங்குவது இப்படித்தான். நீங்கள் இந்த இணைப்புக்குப் பிறகு வாங்கியவர், ஆகவே உங்களுக்கு அந்தச் சுருக்கம் இல்லை, ஆனால் அந்த அதீத விலையைத் தலையில் சுமக்கும் நிறுவனத்தை அதன் உச்ச விலைக்குப் பக்கத்தில் வாங்கினீர்கள்.

ஒரு நிறுவனத்தை அதன் சொத்துகளின் மதிப்பைவிட அதிகம் கொடுத்து வாங்கும்போது, அந்த உபரித் தொகை கணக்குப் புத்தகத்தில் குட்வில் என்ற பெயரில் சொத்தாக உட்கார்ந்துகொள்ளும். பின்னால் "நாம் கொடுத்த விலைக்கு இது தேறாது" என்று தெரிந்தால் அதை எழுதித் தள்ள வேண்டும். டெலடாக் 2022-இல் அப்படி எழுதித் தள்ளியது சுமார் 1,340 கோடி டாலர். அந்த வருட மொத்த நஷ்டம் சுமார் 1,370 கோடி. இந்தப் பணம் 2022-இல் பெட்டியிலிருந்து ரொக்கமாக வெளியே போகவில்லை, 2020-இலேயே பங்குகளாகக் கொடுத்தாகிவிட்டது. அதற்காக "வெறும் கணக்கு நஷ்டம்தானே" என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பங்குதாரர் கொடுத்த விலை அது. நிறுவனத்தின் பெயரில் முடிவெடுத்தார்கள், விலை உங்களைப் போன்றவர்கள் தலையில் விழுந்தது.

இப்போது இந்தத் துறைக்கே உரிய கேள்விக்கு வருகிறேன். எந்த டிஜிட்டல் ஹெல்த் பங்கைப் பார்த்தாலும், "இது நோயாளிக்கு உதவுமா" என்பதற்கு அப்புறம் உடனே கேட்க வேண்டியது, "இதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்?" நீங்கள் மருத்துவத் துறையில் இருப்பதால் முதல் கேள்விக்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்வீர்கள், அதுவே இங்கே ஆபத்தாகவும் ஆகிறது, ஏனென்றால் நல்ல சிகிச்சையைக் கண்ணால் பார்த்தவருக்கு அது நல்ல முதலீடாகவும்தான் இருக்கும் என்று தோன்றிவிடும்.

பேர் தெராப்யூடிக்ஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் செயலி, டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதித் தரும் செயலி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இல் அனுமதி கொடுத்தது. 2021 டிசம்பரில் சுமார் 160 கோடி டாலர் மதிப்பில் பங்குச் சந்தைக்கு வந்தது. டாக்டர்கள் எழுதித் தந்தார்கள், நோயாளிகளும் பயன்படுத்தினார்கள், ஆனால் காப்பீட்டு நிறுவனங்கள் போதுமான அளவுக்குப் பணம் கொடுக்கவில்லை. 2023 ஏப்ரலில் திவால். சொத்துகள் ஏலத்தில் போனது மொத்தம் சுமார் 60 லட்சம் டாலருக்கு. 160 கோடி எங்கே, 60 லட்சம் எங்கே! அனுமதி கிடைத்துவிட்டது என்ற செய்தியைப் பார்த்து பங்கு வாங்கியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

23அண்ட்மீ கதை வேறு விதம். அங்கே வாடிக்கையாளரே தன் கையிலிருந்து காசு கொடுத்தார், ஆனால் ஒரு முறைதான் கொடுத்தார். மரபணுப் பரிசோதனையை யாரும் வருடா வருடம் செய்துகொள்வதில்லை. 2021-இல் சுமார் 350 கோடி டாலர் மதிப்பில் சந்தைக்கு வந்தது, 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது, 2025 மார்ச்சில் திவாலுக்கு விண்ணப்பித்தது, கடைசியில் அதை நிறுவியவர்களில் ஒருவரின் லாப நோக்கமற்ற அமைப்பே சுமார் 30.5 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது.

இந்த இரண்டும், 420 கோடி டாலர் மதிப்பில் வந்து இரண்டு வருடத்துக்குள் சரிந்த பாபிலோன் என்ற பிரிட்டன் டிஜிட்டல் ஹெல்த் நிறுவனமும், சந்தைக்கு வந்தது ஸ்பாக் வழியாக. அதாவது வழக்கமான ஐபிஓ (பங்குகளை முதன்முறையாகப் பொதுமக்களுக்கு விற்பது) இல்லாமல், ஏற்கெனவே பட்டியலிடப்பட்டு பணத்தோடு காத்திருக்கும் வெற்று நிறுவனம் ஒன்றோடு இணைந்து உள்ளே நுழைவது. இந்த வழியில் வருங்கால வருமானக் கணிப்புகளைத் தாராளமாக முன்வைக்க முடிந்தது. அந்தக் காலத்தில் ஸ்பாக் வழியாக வந்த நிறுவனம் என்றால் நான் இன்றும் இரண்டு மடங்கு கவனத்தோடு படிப்பேன். அதற்காக எல்லாமே மோசம் என்றும் இல்லை. இணையத்தில் டாக்டர் ஆலோசனையோடு மருந்து விற்கும் ஹிம்ஸ் அண்ட் ஹெர்ஸ் அதே வழியில் 2021 ஜனவரியில் வந்து, 2024-இல் சுமார் 148 கோடி டாலர் வருமானத்தோடு முழு ஆண்டு லாபம் காட்டியது. வாடிக்கையாளர் மாதா மாதம் நேரடியாகப் பணம் கட்டுகிறார், காப்பீட்டு நிறுவனத்தின் வாசலில் நிற்கத் தேவையில்லை.

ஆனால் அங்கேயும் ஒரு முடிச்சு. உடல் எடை குறைப்பு மருந்தான செமாக்ளுடைடின் கலவைப் பதிப்பை (அசல் தயாரிப்பாளர் அல்லாமல் மருந்தகங்கள் கலந்து தயாரிப்பது) அது விற்க முடிந்ததற்குக் காரணம், அசல் மருந்துக்குத் தட்டுப்பாடு இருந்தது. 2025 பிப்ரவரியில் தட்டுப்பாடு தீர்ந்தது என்று எஃப்டிஏ அறிவித்த நாளில் பங்கு பலமாக அடி வாங்கியது. அதே வருடம் ஜூனில் அசல் மருந்தைத் தயாரிக்கும் நோவோ நார்டிஸ்க் ஹிம்ஸோடு வைத்திருந்த கூட்டை முறித்துக்கொண்டதும் ஒரே நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதிப்பு போனது. அரசாங்கத்தின் ஒரு அறிவிப்பு, கூட்டாளியின் ஒரு கடிதம், இவ்வளவுதான் தேவைப்பட்டது. அமெரிக்க முதியோர் காப்பீடான மெடிகேரில் வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கும் சலுகைகள்கூட 2020-இலிருந்து தற்காலிக நீட்டிப்புகளில்தான் ஓடுகின்றன, 2025 அக்டோபரில் சில வாரங்கள் காலாவதியாகவே ஆகிவிட்டன.

"வேறு பங்குக்கு மாறலாமா" என்று கேட்டீர்களே, லாபம் சம்பாதிக்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். டாக்டர்களுக்கான வலைத்தளம் நடத்தும் டாக்ஸிமிடி நல்ல லாபத்தில் ஓடுகிற நிறுவனம், மருந்து நிறுவனங்களும் மருத்துவமனைகளும் அங்கே விளம்பரத்துக்குப் பணம் கொட்டுகின்றன. 2021 ஜூனில் 26 டாலருக்கு ஐபிஓ வந்தது, அதே வருடம் 100 டாலரைத் தொட்டது, 2023-இல் 20-களில் விற்றது. நிறுவனம் கெடவில்லை, வாங்கியவர்கள் கொடுத்த விலைதான் கூடுதல். 2025-இல் ஹிஞ்ச் ஹெல்த், ஒமாடா ஹெல்த் என்று புதிய ஐபிஓக்கள் மறுபடி வர ஆரம்பித்திருக்கின்றன. அவற்றின் அறிக்கையைத் திறந்தால் முதலில் வாடிக்கையாளர் யார் என்ற பகுதிக்குப் போங்கள். ஒரே ஒரு இடைத்தரகர் வழியாகப் பாதி வருமானம் வருகிறதா, ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுக்கும் சம்பளத்தைச் செலவில் சேர்க்காமல் லாபம் காட்டுகிறார்களா, ஒவ்வொரு வருடமும் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை ஏறுகிறதா, இவற்றைப் பாருங்கள். "சரிசெய்யப்பட்ட லாபம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். பங்கு விலை 1 டாலருக்குக் கீழே போய் ரிவர்ஸ் ஸ்ப்ளிட் (பல பங்குகளைச் சேர்த்து ஒன்றாக்கி விலையை உயர்த்திக் காட்டுவது) அறிவித்த நிறுவனமா என்றும் கவனியுங்கள். டெலடாக்கைப் போலவே வீடியோ மருத்துவச் சேவை தரும் அம்வெல் 2020-இல் 18 டாலருக்கு ஐபிஓ வந்தது, 2024-இல் 20 பங்கை ஒன்றாக்கியது. இப்போது திரையில் தெரியும் விலையைப் பழைய 18-ஓடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

எல்லாம் பாதுகாப்பாக ஒதுக்கிய பிறகு மிஞ்சும் பணத்தில், முழுதாகப் போனாலும் வீட்டுச் செலவு ஆட்டம் காணாத சிறு தொகையை மட்டும் இந்தத் துறைக்கு வையுங்கள். என்னைக் கேட்டால் மொத்த முதலீட்டில் 5 சதவீதத்தைத் தாண்டாதீர்கள், அதுவும் ஒரே பங்கில் வேண்டாம். டாலரில் சம்பாதிக்காதவர் என்றால் நாணய மாற்று ஏற்ற இறக்கமும் இதில் சேரும்.

கையில் இருக்கும் டெலடாக் பங்குகளை என்ன செய்வது? புதிதாக ஒன்றுகூட வாங்க வேண்டாம். இருப்பதை விற்றால் அந்த நஷ்டத்தை வேறு முதலீட்டு லாபத்தோடு கழித்துக்கொள்ள உங்கள் வரிச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். கொடுக்கிறது, கழிக்க லாபமும் இருக்கிறது என்றால் விற்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. வைத்திருக்கத்தான் தோன்றுகிறது என்றால் இரண்டைக் கவனித்துக்கொண்டு வையுங்கள். செயல்பாட்டில் நிறுவனத்துக்கு ரொக்கம் உள்ளே வரத்தான் செய்கிறது, ஆனால் 2027-இல் முதிர்வடையும் 100 கோடி டாலர் கடன் பத்திரம் இருக்கிறது, அதை ரொக்கமாக அடைக்கிறார்களா, இல்லை புதுக் கடன் வாங்கியா என்று பாருங்கள். இரண்டாவது, அவர்களுடைய மனநல ஆலோசனைச் சேவையான பெட்டர்ஹெல்ப். வாடிக்கையாளர் கைக்காசையே நம்பி, விளம்பரத்துக்கு நிறையச் செலவழித்து ஓடிய பிரிவு அது, 2024-இல் அதன் குட்வில்லில் 79 கோடி டாலரை எழுதித் தள்ள வேண்டிவந்தது. 2025-இல் அப்லிஃப்ட் என்ற நிறுவனத்தை வாங்கி காப்பீட்டு வழியாகப் பணம் பெறும் பக்கம் நகர்கிறார்கள். அடுத்தடுத்த காலாண்டு அறிக்கைகளில் பெட்டர்ஹெல்ப் பிரிவின் வருமானம் நிலைக்கிறதா, விளம்பரச் செலவு குறைகிறதா என்ற வரிகளைத் தேடிப் படியுங்கள். தொடர்ந்து நாலு காலாண்டு இரண்டுமே சரியான திசையில் போகாவிட்டால், விலை எதுவாக இருந்தாலும் விற்றுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.