பெயர் மாற்றாமல் கைமாறும் ஆர்எக்ஸ் 100

கேள்வி: ஈரோட்டில் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருக்கும் முப்பது பேர் ஒரு குழுவாக இயங்கி வருகிறோம். உதிரிபாகங்களை வாங்கிய விலைக்கே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். புதிதாகச் சேர்ந்த ஒருவர், ‘நான் ஓட்டத்தான் கேட்கிறேன்’ என்று சொல்லி, எங்கள் உறுப்பினரிடமிருந்து அவர் அப்பா காலத்து வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கினார். மூன்றே வாரத்தில் அது இரண்டு மடங்கு விலைக்குப் பெங்களூரில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆர்.சி. (பதிவுச் சான்று) இன்னும் எங்கள் உறுப்பினர் பெயரில்தான் இருக்கிறது. இப்படிப்பட்டவர்களிடமிருந்து குழுவைக் காப்பது எப்படி?

பதில்: முதலில் ஆர்.சி.யைக் கவனியுங்கள், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வண்டியை விற்றுவிட்டாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே நாலு கை மாறிய அந்த வண்டி எங்கேயாவது ஒருவரை இடித்துவிட்டால், நோட்டீஸ் ஈரோட்டில் உள்ள உங்கள் நண்பரின் வீட்டுக்குத்தான் வரும். மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு. அந்தக் கெடு கடந்திருந்தாலும், விற்ற தேதியையும் வாங்கியவரின் பெயர், முகவரியையும் எழுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகையை உங்கள் நண்பர் உடனே பெற்றுக்கொள்ளட்டும். வண்டியைக் கர்நாடகப் பதிவுக்கு மாற்ற 28-ஆம் எண் படிவத்தில் பதிவு உரிமையாளரே என்.ஓ.சி. என்னும் தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் படிவத்தில் எதையும் நிரப்பாமல் வெற்றாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தாரா என்று கேளுங்கள். கொடுத்திருந்தால், தன் பெயரில் வரும் எந்த விண்ணப்பத்தையும் தன்னிடம் உறுதி செய்யாமல் ஏற்க வேண்டாம் என்று அதே கடிதத்தில் அவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த மறுவிற்பனை முழுவதும் வெற்றுப் படிவங்களை நம்பியே நடக்கிறது. பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்கள் இரண்டிலும் வாங்குபவர் பெயரை நிரப்பாமல் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால், இடையில் எத்தனை பேர் வந்து போனாலும் ஆர்.சி.யில் ஒரு கைதான் தெரியும். ஆர்எக்ஸ் 100 இங்கே 1985 முதல் 1996 வரைதான் தயாரானது என்பதால், அத்தனை வண்டிகளும் 15 ஆண்டுப் பதிவுக் காலத்தைத் தாண்டியவை. 5 ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பித்தாக வேண்டியவை. அந்த அலைச்சலும் செலவும் இல்லாமல் மூன்று வாரத்தில் கைமாற்றினால்தான் மறுவிற்பனை செய்கிறவருக்கு லாபம் நிற்கும். எனவே, ‘பெயர் மாற்றம் முடிந்த பிறகே சாவி’ என்று உங்கள் குழு ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டாலும், உண்மையாக ஓட்ட விரும்புகிறவர் அதற்குத் தயங்க மாட்டார். விற்க வந்தவர் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார். என் அனுபவத்தில் இதைவிடப் பலன் தந்த வழி வேறில்லை.

பழைய வண்டி வியாபாரம் குற்றமன்று. நல்ல வியாபாரிகள் இல்லாவிட்டால் பல வண்டிகள் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும். ஆனால் 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான வண்டிகளை வாங்கி விற்பவர் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. வண்டியை ஒப்படைத்ததை உரிமையாளர் முறைப்படி தெரிவித்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். ‘நானும் உங்களைப் போல ஆசைக்காரன்’ என்று சொல்லி உள்ளே வருகிறவர் நட்பு விலையை மட்டுமல்லாமல், இந்தப் பொறுப்பிலிருந்து விடுதலையையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார். எனக்கு உண்மையான கோபம் வருவது இதில்தான். வியாபாரம் செய்கிறவர் அதைச் சொல்லிவிட்டுச் சேரட்டும். அவருக்கு வியாபார விலை, வியாபாரக் கணக்கு.

குழுவிலிருந்து கசிந்து போகும் இன்னொன்று உங்கள் கண். ‘இந்த எண் ஒரிஜினலா, சொல்லுங்கண்ணா’ என்று இன்ஜின் எண்ணின் புகைப்படத்தை அனுப்புவார்கள். நீங்கள் நல்லெண்ணத்தோடு ‘ஆமாம் தம்பி’ என்பீர்கள். மறுநாள் அந்தப் பதிலே ‘கிளப்பில் சரிபார்த்தது’ என்று விளம்பரத்தில் ஏறிவிடும். ஆகவே படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வண்டியை நேரில் நிறுத்தச் சொல்லுங்கள். ஆர்எக்ஸ் 100-இன் இன்ஜின் எண் 1எல்1 என்று தொடங்கும். வார்ப்பு உலோகத்தின் சொரசொரப்பு அந்த எண்ணைச் சுற்றி மட்டும் மழுங்கி, அரம் போட்ட பளபளப்பு தெரிந்தாலோ, ஓர் இலக்கம் ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் குத்தப்பட்டிருந்தாலோ, அங்கேயே நிறுத்திவிடலாம். ஹேண்டில் கழுத்தில் உள்ள சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துச் செலோடேப்பில் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள், கண்ணுக்குத் தப்பும் பழைய எண்ணின் தடம்கூடச் சில வேளை அந்தக் கரியில் எழுந்து வரும். ஆர்.சி.யில் சிசி 98 என்று இருக்க வேண்டும். 132 என்று இருந்தால் அது ஆர்எக்ஸ் 135 போன்ற பிற்கால வண்டி. டேங்கில் எந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் சரி. ‘விண்டேஜ் வண்டி’ என்று சொல்லி விலை ஏற்றுகிறவர்களையும் நம்ப வேண்டாம். 2021-இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்ததே விண்டேஜ். முதல் ஆர்எக்ஸ் 100-க்கே அந்த வயது 2035-இல்தான் வரும்.

உதிரிபாகங்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. பழைய மிக்குனி கார்பரேட்டரோ ஜப்பான் பிஸ்டனோ வாங்கிய விலைக்குக் கொடுக்கும்போது பொட்டலமாகக் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். தேய்ந்த பழைய பாகத்தை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடும் இடத்திலேயே அவருடைய வண்டியில் மாட்டிக் கொடுத்து, அந்த வண்டி எண்ணை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரே ஆள் ஆறு மாதத்தில் மூன்றாவது கார்பரேட்டர் கேட்டால், அது சென்னைப் புதுப்பேட்டைக் கடை விலைக்கே கிடைக்கும் என்று சொல்லிவிடலாம்.