கிரீட் ஒரு நாள் தீவு அல்ல: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி கிரேக்கத்தின் கிரீட் தீவைப் பற்றியவை. அதனால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு இவற்றுக்கே பதில் எழுதுகிறேன்.

கிரீட் போய்வர எவ்வளவு செலவாகும்? (சேலம்)

எத்தனை பேர், எந்த மாதம், எத்தனை இரவு, எதையுமே நீங்கள் எழுதவில்லை. ஆகஸ்ட் மாத அறை வாடகைக்கும் மே மாத வாடகைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

எந்த மாதம் நல்லது? (திருச்சி)

மே கடைசியிலிருந்து ஜூன் வரை, இல்லாவிட்டால் செப்டம்பர். கடலில் இறங்கிக் குளிக்க ஆசை என்றால் செப்டம்பர்தான். ஆகஸ்ட் 15 மாதா திருநாளை ஒட்டி கிரேக்கர்களே குடும்பத்தோடு விடுமுறைக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த வாரம் வேண்டவே வேண்டாம். குளிர்காலத்தில் கடற்கரை ஊர்களில் பெரும்பாலான விடுதிகள் மூடிக் கிடக்கும். ஹெராக்லியோன், கானியா நகரங்கள் மட்டும் வழக்கம்போல் இருக்கும்.

மொத்தம் 7 நாள். ஏதென்ஸ் 2, சாண்டோரினி 2, மிக்கோனோஸ் 2, கிரீட் 1. அந்த ஒரு நாளில் க்னோசோஸ் அரண்மனை இடிபாடுகள், எலஃபோனிசி கடற்கரை, வாய் கடற்கரை மூன்றையும் பார்க்க வரிசை சொல்லுங்கள். (சென்னை)

சொல்ல மாட்டேன். அப்படியொரு வரிசையே கிடையாது.

ஒவ்வொரு முறையும் இப்படி நாலைந்து கடிதம் வருகிறது. சாண்டோரினியிலிருந்து வேகப் படகில் இரண்டு மணி நேரம்தானே, ஒரு எட்டு போய்வந்துவிடலாம் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். கிரீட் சுமார் 260 கிலோமீட்டர் நீளம். நடுவே இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டும் மலைகள். எலஃபோனிசி தென்மேற்கு மூலையில், பேரீச்சை இன மரங்கள் அடர்ந்த வாய் வடகிழக்குக் கோடியில். ஒன்றிலிருந்து மற்றதற்குக் காரில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். க்னோசோஸ் நடுவில் இருக்கிறது என்பதால் மட்டும் வழியில் எட்டிப் பார்த்துவிட முடியாது. வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள். பல முறை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன்.

இன்னொன்று, காற்று. கோடையில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்டெமி வீசும். அது பலமானால் படகை நிறுத்திவிடுவார்கள், முதலில் நிற்பது வேகப் படகுகள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் படகுப் பயணத்தை வைக்காதீர்கள். ஒரு படகு ரத்தானால் உங்கள் 7 நாள் திட்டம் முழுவதும் சரிந்துவிடும்.

மிக்கோனோஸையும் சாண்டோரினியையும் இந்தத் தடவை விட்டுவிடுங்கள். ஏதென்ஸில் 2 நாள், கிரீட்டில் 5 நாள். ஏதென்ஸிலிருந்து கானியாவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் இரவு கப்பல் ஏறினால் விடியும்போது கிரீட், ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம். தீவின் மேற்குப் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: கானியா பழைய துறைமுகம், எலஃபோனிசி, ரெதிம்னோ. கடைசி இரவு ஹெராக்லியோனில் தங்கி க்னோசோஸ் பாருங்கள். வாய் அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும். நாலு தீவின் பெயரைச் சொல்லிக்கொள்வதற்காக ஒன்றையும் சரியாகப் பார்க்காமல் திரும்புகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

க்னோசோஸ் முழுக்க சிமென்ட் வேலை என்கிறார்களே, போகத்தான் வேண்டுமா? (மதுரை)

போக வேண்டும். ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் 1900இல் தோண்டத் தொடங்கினார். பிறகு பல பகுதிகளை கான்கிரீட் கொண்டு தன் ஊகப்படி எழுப்பினார். நீங்கள் பார்க்கும் சிவப்புத் தூண்கள் அப்படி வந்தவை. சுவரோவியங்களின் மூலம் ஹெராக்லியோன் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, க்னோசோஸில் இருப்பவை நகல். காளை தாண்டும் ஓவியமும், குறியீடுகள் பொறித்த களிமண் வட்டான ஃபைஸ்டோஸ் வட்டும் அருங்காட்சியகத்தில்தான். முதலில் அதைப் பார்த்துவிட்டு க்னோசோஸ் போனால் இடிபாடுகள் புரியும். நிழல் குறைவு, திறந்தவுடன் போய்விடுங்கள்.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. சமாரியா பள்ளத்தாக்கில் நடக்கலாமா? (ஈரோடு)

வேண்டாம். சுமார் 16 கிலோமீட்டர், ஆயிரத்து இருநூறு மீட்டர் இறக்கம், முழுக்கக் கல். இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். நடுவில் வண்டி ஏற வழியில்லை. ஸ்ஃபாகியாவிலிருந்து படகில் அஜியா ரூமெலிக்குப் போங்கள்; சாலையே இல்லாத ஊர். அங்கே அம்மா கடற்கரையில் உட்கார்ந்திருக்கட்டும். நீங்கள் மட்டும் கீழிருந்து ஏறி, பாறைகள் மிகவும் நெருங்கிவரும் ‘இரும்புக் கதவு’ வரை போய்த் திரும்பலாம். கடைசிப் படகு நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்த சைவம். ரொட்டியும் ஜாமும்தானா? (கும்பகோணம்)

இல்லை. பார்லி ரஸ்க் மேல் தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்த டாகோஸ், ஆலிவ் எண்ணெய் விட்ட ஹோர்டா கீரை, ஃபாவா பருப்பு மசியல், தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய வெள்ளை பீன்ஸ் எல்லாம் சாதாரணக் கடையிலேயே கிடைக்கும். ‘நிஸ்டிசிமோ’ என்று கேளுங்கள்: கறி, முட்டை, பால் இல்லாத நோன்புச் சாப்பாடு. ஆனால் கணவாய், இறால் நோன்பில் உண்டு, அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் கிளம்புகிறோம். விசா எப்போது போடலாம்? (கோவை)

போன மாதமே போட்டிருக்க வேண்டும். கிரேக்கத்துக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். தேதியை மாற்றுங்கள்.

இலங்கை பாஸ்போர்ட், சுவிஸ் சி பெர்மிட் (நிரந்தரக் குடியிருப்பு அனுமதி). விசா வேண்டுமா? (சூரிச்)

வேண்டாம். பாஸ்போர்ட், பெர்மிட் இரண்டும் கையில் இருக்கட்டும்.

வாடகைக் காரில் பாலோஸ் கடற்கரைக்குப் போகலாமா? (பெங்களூரு)

கடைசி ஏழெட்டு கிலோமீட்டர் மண்பாதை. பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் மண்பாதையில் ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு கிடையாது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படியுங்கள். கிஸ்ஸாமோஸிலிருந்து படகில் போவது நிம்மதி. இந்திய லைசென்ஸ் மட்டும் போதாது, ஆர்டிஓவில் சர்வதேச அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமானால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், மலைச் சாலையில் வளைவுக்கு வளைவு ஆடு நிற்கும். இங்கேயும் அதேதான்: கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள்.