"ஈசியு போச்சு" என்றால் உடனே மாற்ற வேண்டுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், காரின் எஞ்சினை நடத்தும் கணினிப் பெட்டியான ஈசியு பற்றியவைதான். மழைக்காலம் ஒரு காரணம். ஸ்கேனரைச் சொருகிய ஐந்தாவது நிமிடத்தில் "மூளை போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடும் பழக்கம் இன்னொரு காரணம்.

கேள்வி (செந்தூல்): 2012 மைவி. செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, மேடு ஏறும்போது இழுவை இல்லை. ஸ்கேன் செய்ததில் மூன்று சென்சார்களுக்கு ஒரே நேரத்தில் கோடு (பிழைக் குறியீடு) வந்தது. ஈசியு மாற்ற வேண்டும், 1,800 வெள்ளி ஆகும் என்கிறார் ஃபோர்மேன். மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். மூன்று சென்சார்கள் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் சாவதில்லை. மூன்றுக்கும் பொதுவாக இருப்பது எது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது 5 வோல்ட் லைன். ஈசியு தனக்குள்ளிருந்து 5 வோல்ட் எடுத்துப் பல சென்சார்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. அவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் சரி, ஒரு வயர் உரசித் தோல் போய் பாடியில் பட்டாலும் சரி, அந்த 5 வோல்ட் மொத்தமாகப் படுத்துவிடும். நன்றாக இருக்கும் சென்சார்களும் கெட்டது போலத் தெரியும். பழி ஈசியு மீது விழும்.

சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். சாவியை ஆன் செய்யுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். த்ராட்டில் சென்சார் சாக்கெட்டைக் கழற்றி அதில் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். 1, 2 என்று கிடந்தால் மீட்டரில் கண்ணை வைத்தபடி மற்ற சென்சார் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் எண் துள்ளி 5க்கு ஏறுகிறதோ, அதுதான் ஆள். எதைக் கழற்றியும் ஏறவில்லை என்றால் வயரைச் சந்தேகப்படுங்கள். வயரும் சுத்தம் என்று உறுதியான பிறகுதான் ஈசியுவின் முறை.

அதற்கு முன் எர்த்தையும் பார்க்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கோன், முன்விளக்கு எல்லாம் போட்டு, பேட்டரி மைனஸுக்கும் ஈசியுவின் எர்த் வயருக்கும் இடையே மீட்டரை வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து, மறுபடி இறுக்குங்கள். பேட்டரி பழசா? ஸ்டார்ட் அடிக்கும்போது வோல்ட் 9.6க்குக் கீழே போனால், ஈசியு தடுமாறிக் கண்டபடி கோடு போடும்.

பி 0601 முதல் பி 0606 வரையிலான கோடுகள் வந்தால் கதை கொஞ்சம் மாறும். அவை ஈசியு தன்னைத்தானே சோதித்துவிட்டு "எனக்குள் பிரச்சினை" என்று சொல்லும் கோடுகள். அப்போதும் பேட்டரி, ஃப்யூஸ், எர்த் மூன்றையும் பார்த்த பிறகுதான் பணத்தை எடுப்பேன்.

கேள்வி (கெப்போங்): ஸ்கேனர் ஈசியுவோடு பேசவே மாட்டேன் என்கிறது. செத்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. முதலில் ஈசியு ஃப்யூஸும் மெயின் ரிலேயும். அப்புறம் கேன் லைன், அதாவது காரில் உள்ள பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரட்டை வயர். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரைச் சொருகும் ஓபிடி சாக்கெட்டின் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் இடையே ஓம் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 60 ஓம் சுற்றி இருக்கும். 120 என்றால் லைனின் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் எங்கோ இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அது ஏபிஎஸ் பெட்டிக்குள்ளேகூட இருக்கலாம். எஞ்சின் ஈசியுவுக்குச் சம்பந்தமே இருக்காது.

கேள்வி (செராஸ்): 2010 ஹோண்டா சிட்டி. பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் அதே சிட்டியின் ஈசியு வாங்கிப் போட்டேன். ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடுகிறது. டாஷ்போர்டு மீட்டரில் பச்சைச் சாவி விளக்கு மின்னுகிறது. கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டாரா?

அவரை விட்டுவிடுங்கள், பெட்டி நல்லதாகவே இருக்கலாம். மின்னுகிற பச்சைச் சாவிதான் பதில். அது இம்மொபிலைசர். உங்கள் சாவித் தலைக்குள் இருக்கும் சிப்பை இந்த ஈசியுவுக்குத் தெரியாது. அது முன்பு இருந்த காரின் சாவியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. சாவி ஒத்துப்போகவில்லை என்றால் பெட்ரோலை நிறுத்திவிடும். திருடனைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, இப்போது சொந்தக்காரரையே தடுக்கிறது.

இதற்கு இரண்டு நேர் வழிகள் உண்டு. ஒன்று, ஹோண்டாவுக்கான ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போய் ஈசியுவையும் சாவிகளையும் புதிதாகப் பதிவு செய்வது. வீட்டில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் கொண்டுபோங்கள். பதிவின்போது கையில் இல்லாத சாவி அப்புறம் வேலை செய்யாமல் போகலாம். இரண்டாவது வழி குளோனிங். பழைய ஈசியுவைத் திறந்து, அதிலுள்ள சின்ன எட்டுக்கால் மெமரி சிப்பைப் படித்து, அந்த டேட்டாவை வாங்கிய பெட்டியில் எழுதுவார்கள். கார் தன் பழைய ஈசியுதான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். ஆகவே பழைய பெட்டி செத்தே போயிருந்தாலும் ட்ரேட்-இன் என்று கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். மற்றதெல்லாம் கருகியிருந்தாலும் அந்த ஒரு சிப் பிழைத்திருக்கும் வாய்ப்பு நிறைய உண்டு.

மூன்றாவதாக "இம்மோ ஆஃப்" என்று ஒன்றைச் சொல்வார்கள். இம்மொபிலைசரையே எடுத்துவிடுவது. மலிவு, வேகம். எனக்குப் பிடிக்காது. கதவைத் திறக்கத் தெரிந்தவன் எவனும் சாதாரணமாக வெட்டிய சாவியைப் போட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். காணாமல் போன காருக்கு இன்சூரன்ஸ் கேட்கும்போது அதை விளக்குவது உங்கள் பாடு.

இதோடு ஸ்டிக்கரையும் பாருங்கள். ஹோண்டா எஞ்சின் ஈசியு எண்கள் 37820 என்றுதான் தொடங்கும், அதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். அடுத்து வரும் எழுத்துகளும் எண்களும்தான் எந்த மாடல், ஆட்டோவா மேனுவலா, எந்த நாட்டுக்கு என்பதைப் பிரிக்கின்றன. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் வாங்குவதற்கு முன் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கேள்வி (சிகாம்புட்): திடீர் வெள்ளத்தில் சீட் வரைக்கும் தண்ணீர். ஒரு வாரம் காய வைத்து, ஹேர் டிரையர் அடித்து ஸ்டார்ட் செய்தேன். நன்றாக ஓடுகிறது. ஈசியுவைத் தொட வேண்டுமா?

தொட வேண்டும், இந்த வாரமே. தண்ணீர் காய்ந்துவிடும், அது விட்டுப்போன சேறும் உப்பும் காயாது. பேட்டரி இணைப்பு இருக்கும் வரை சில பின்களில் எப்போதும் 12 வோல்ட் நிற்கிறது. ஈரம் இருந்தால் அந்த இடத்தில் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் பின்னின் அடியில் பச்சையாகப் பூத்திருக்கும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் பக்கம் மூழ்கிய கார்களில் சில அப்படித்தான்: ஜனவரியில் ஒழுங்காக ஓடின, சில மாதம் கழித்து விளக்கு விளக்காக எரிய ஆரம்பித்தன.

பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். ஈசியு பெட்டி திறக்கக்கூடிய வகை என்றால் திறந்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் காய வையுங்கள். சிலிக்கான் ஊற்றி அடைத்த வகை என்றால் சாக்கெட்டை மட்டும் சுத்தம் செய்யுங்கள். பெட்டி உயரமான இடத்தில் இருந்தாலும் நிம்மதி வேண்டாம். வயருக்குள் இருக்கும் செம்பு இழைகள் வழியாகவே தண்ணீர் மேலே ஏறி வரும். அப்புறம் ஏர்பேக் பெட்டி. பல கார்களில் அது கியர் லிவருக்குப் பக்கம் தரையோடு தரையாக இருக்கிறது, உங்கள் காரில் முதலில் குளித்தது அதுவாகத்தான் இருக்கும். அதைக் கட்டாயம் காட்டிவிடுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நம் மலேசியாவில் முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் வெள்ளம் தானாக அதில் சேராது. இயற்கைப் பேரிடருக்கான கூடுதல் காப்பைத் தனியாகக் காசு கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும் நாளில் பத்து நிமிடம் ஒதுக்கி அந்தத் தாளைப் படியுங்கள்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): எக்ஸாஸ்ட் வெல்டிங் செய்யும்போது ஈசியுவைக் கழற்ற வேண்டுமா?

பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள், வெல்டிங் எர்த் கிளிப்பை வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வ வையுங்கள். ஈசியுவுக்கு அருகில் வெல்ட் என்றால் சாக்கெட்டையும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி (ஜிஞ்சாங்): 1996 வீரா. ஐட்லிங் ஏறி இறங்குகிறது, சில நாள் ஸ்டார்ட்டே ஆகாது. ஈசியுவைத் திறந்தால் மீன் வாடை அடிக்கிறது!

வாடை அடித்தால் நல்லது, நோய் தெரிந்துவிட்டது. புரோட்டான் வீராவில் இருப்பது மிட்சுபிஷி ஈசியு; 90களில் வந்தவற்றுக்கு இது பழகிய வியாதி. உள்ளே இருக்கும் மின்தேக்கிகள், அதாவது நம் ஆட்கள் சொல்லும் கெப்பாசிட்டர்கள், வயதாகிக் கசிந்துவிட்டன. அந்தத் திரவம்தான் நாறுகிறது. போர்டில் அவற்றின் காலடியில் பழுப்பாக ஈரம் படிந்திருக்கும், அருகிலுள்ள செம்புக் கோடுகள் கறுத்திருக்கும். கசிந்தவற்றை மட்டும் மாற்றாமல் எல்லாக் கெப்பாசிட்டர்களையும் மாற்றச் சொல்லுங்கள். அதே மதிப்பு, 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகை. கசிவை ஆல்கஹாலில் கழுவி, அரித்துப்போன கோடுகளுக்கு மேல் மெல்லிய வயர் ஓட்ட வேண்டும். டிவி, ரேடியோ ரிப்பேர் செய்து கை பழகியவரே இதைச் செய்துவிடலாம். புதுப் பெட்டி தேடி அலைய வேண்டியதில்லை.

கேள்வி (ஜாலான் ஈப்போ): விபத்தில் ஏர்பேக் வெடித்துவிட்டது. பழைய ஏர்பேக் பெட்டியையே "ரீசெட்" செய்து தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா?

என் காரில் செய்ய மாட்டேன். அவர்கள் அழிப்பது மெமரியில் பதிந்த விபத்துப் பதிவை மட்டும்தான். விளக்கு அணையும், உண்மை. அடி வாங்கிய பெட்டியின் உள்ளே இருக்கும் சென்சார் அடுத்த முறை சரியான நொடியில் முடிவெடுக்குமா என்பதை அணைந்த விளக்கு சொல்லாது. எஞ்சின் ஈசியுவில் சிக்கனம் பாருங்கள், இதில் வேண்டாம். யார் வேலை செய்தாலும் பேட்டரியைக் கழற்றிய உடனே கை வைக்கக் கூடாது. டொயோட்டா 90 விநாடி காத்திருக்கச் சொல்கிறது, ஹோண்டா 3 நிமிடம். ஏர்பேக் வயர்களின் மஞ்சள் சாக்கெட்டுகளில் மீட்டரை வைத்து ஓம் பார்க்கவே கூடாது.

கேள்வி (செராஸ், மேலே எழுதிய அதே வாசகர்): பதிவு செய்த பிறகு ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் தடுமாறுகிறது. மறுபடி ஈசியுவா?

ஐட்லிங் இன்னும் படியவில்லை, அவ்வளவுதான். ஏர்கோன், விளக்கு, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நியூட்ரலில் 3,000 ஆர்பிஎம்மில் பிடித்து ரேடியேட்டர் காற்றாடி சுற்றும் வரை சூடாக்குங்கள். பிறகு காலை எடுத்துவிட்டு 5 நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். இடையில் காற்றாடி சுற்றினால் அந்த நேரத்தை 5 நிமிடக் கணக்கில் சேர்க்காதீர்கள்.