உரைபெயர்ப்பு: கேட்டவையும் என் பதில்களும்

உரைபெயர்ப்பு, அதாவது ஒருவர் பேசுவதை இன்னொரு மொழியில் வாயால் சொல்லும் வேலை, பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில, கேட்டவரின் ஊரோடு.

நல்லூர்: தமிழும் ஆங்கிலமும் எனக்கு நன்றாக வரும். இந்த வேலைக்கு வேறு என்ன வேண்டும்?

கேட்பது, நினைவில் வைப்பது, பேசுவது மூன்றும் ஒன்றாக ஓட வேண்டும், தங்கச்சி. கவனம் ஓர் அளவுதான் உண்டு, ஒன்றுக்குக் கூடக் கொடுத்தால் மற்றது விழும் என்பார் பிரெஞ்சு ஆய்வாளர் தானியேல் ஜில். அதனால் பல நேரம் கடினமான வசனத்தில் தப்பிவிட்டு, அடுத்து வரும் சுகமான வசனத்தில் விழுவோம். வானொலிச் செய்தியை இரண்டு நிமிடம் கேட்டு, குறிப்பில்லாமல் தமிழிலேயே திருப்பிச் சொல்லிப் பாருங்கள். அதற்கே திணறினால் ஆங்கிலத்துக்கு அவசரப்பட வேண்டாம்.

உரும்பிராய்: குறிப்பெடுக்கச் சுருக்கெழுத்துப் படிக்கவா?

வேண்டாம். சுருக்கெழுத்து ஒவ்வொரு சொல்லையும் பிடிக்கப் பார்க்கும். பிறகு அதை வாசிக்கவே நேரம் போகும். உரைபெயர்ப்பாளர் ரோசான் 1956இல் கையேடாக எழுதிய முறைதான் இன்றும் அடிப்படை: கருத்தை எழுது, ‘ஆனால்’, ‘ஆகவே’யைத் தவறவிடாதே, தாளில் சரிவாகக் கீழே இறங்கு.

காணிக் கூட்டமொன்றை நினையுங்கள். “அப்பா பேரில எட்டுப் பரப்பு, உறுதி கிடக்கு, ஆனா தொண்ணூறில வெளிக்கிட்டாப் பிறகு உள்ள விடேல்லை” என்கிறார் வலிகாமம் வடக்கு அம்மா ஒருவர். என் தாளில் மேலே ‘அப்பா 8ப’. அதன்கீழ் ‘உறுதி’ (காணிப் பத்திரம்), பக்கத்தில் ஒரு சரி அடையாளம். இடது ஓரத்தில் பெரிதாக ‘ஆ’. கடைசியில் ‘90’, வெளியே போகும் அம்புக்குறி, உள்ளே வரும் அம்புக்குறிமேல் ஒரு வெட்டு. அவ்வளவும் போதும். 16 பரப்பு ஒரு ஏக்கர் என்பதால், வெளிநாட்டவரிடம் ‘அரை ஏக்கர்’ என்றும் சேர்த்துச் சொல்வேன். எண், ஆண்டு, பெயர் மூன்றையும் மட்டும் நினைவை நம்பி விடாதீர்கள்.

சாவகச்சேரி: உடனுக்குடன் செய்ய இலகு சிங்களமா, ஆங்கிலமா?

வசன அமைப்பைப் பார்த்தால் சிங்களம். தமிழைப் போலவே வினை கடைசியில் வரும். ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் வில்லங்கம். “இந்த வீதிக்கு நிதி ஒதுக்குவதாக நாங்கள் சொல்ல...” என்று பேச்சாளர் நிறுத்தித் தண்ணீர் குடிப்பார். சொன்னாரா, சொல்லவில்லையா? கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து உரைபெயர்ப்பவர் பாடு திண்டாட்டம். ஊகிக்காமல், “வீதி நிதி பற்றி...” என்று தலைப்பை மட்டும் போட்டுக் காத்திருங்கள்.

பருத்தித்துறை: பணம் குறைவு. ஒருவரையே முழுநாளும் போடலாமா?

கூடாது. 1998இல் வெளியான, உரைபெயர்ப்பு ஆய்வாளர் மோசர்-மேர்சர் குழுவின் ஆய்வில், அரை மணிக்கு மேல் தொடர்ந்தவர்களின் பிழைகள் கூடின. தங்கள் தரம் இறங்குவது அவர்களுக்கே தெரியவில்லை! இருவர் மாறி மாறிச் செய்ய வசதியில்லையென்றால், பேச்சாளர் நிறுத்தி நிறுத்திப் பேசும் முறைக்குப் போங்கள். நாசித் தலைவர்கள்மீது 1945இல் தொடங்கிய நூரம்பேர்க் விசாரணையிலேயே மஞ்சள் விளக்கு எரிந்தால் மெதுவாகப் பேச வேண்டும், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். நம் மண்டபங்களில் விளக்கு வேண்டாம், உரையின் பிரதியை முதல்நாளே தந்தால் பெரிய புண்ணியம்.

மானிப்பாய்: கைத்தொலைபேசியில் ஆப் இருக்க இதெல்லாம் எதற்கு?

கடையில் விலை கேட்க ஆப் தாராளம். கலைச்சொல் பட்டியல் தயாரிக்க நானும் பாவிக்கிறேன். பேச்சில் வரும் எண்களைத் திரையில் காட்டும் வசதியும் நல்ல துணை. ஆனால் எனக்கு விளங்காவிட்டால் “திருப்பிச் சொல்லுங்கோ” என்பேன். ஆப் பிழையான வசனத்தையும் சரளமாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். அகதி நேர்காணலில் அந்தச் சரளம் ஆபத்து.

அச்சுவேலி: கொழும்பில் வழக்கு, சிங்களம் தெரியாது. உரைபெயர்ப்புக் கேட்கலாமா?

கேட்கலாம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. சட்டத்தரணியிடம் முதல் தவணைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

லண்டனிலிருந்து ஓர் அக்கா: அம்மாவுக்காக வைத்தியரிடம் என் 12 வயது மகள்தான் கதைக்கிறாள். சரியா?

வேண்டாம் அக்கா. கர்ப்பப்பை வருத்தத்தைப் பேத்தியின் முன்னால் அம்மம்மா வாய்திறந்து சொல்வாரா? கெட்ட செய்தி என்றால் அதைப் பிள்ளையா சொல்வது? அங்கே தேசிய சுகாதார சேவையில் உரைபெயர்ப்பாளருக்கு நோயாளி காசு கட்டத் தேவையில்லை. நேரம் பதியும்போதே ‘தமிழ், இலங்கை’ என்று கேளுங்கள்; பெண் வேண்டுமென்றால் அதையும் சொல்லுங்கள்.