வளவில் நிற்கும் வான் வண்டியில் குடித்தனம்: கேள்வி பதில்

டொல்பின், ஹயஸ் போன்ற உயர்கூரை வான்களை இருப்பிடமாக்குவது பற்றிய கேள்விகளுக்கு இன்று பதில் தருகிறேன். உட்கட்டு, காற்றோட்டம், மின்சாரம், தண்ணீர் இவ்வளவும் என் பக்கம். இஞ்சின், கியர்பெட்டி பற்றிக் கேட்க வேண்டியவர்கள் நல்ல கராஜ்காரரிடம் போங்கள்.

கல்லடியிலிருந்து: ஐயா, வீட்டு வாடகை கட்டி முடியவில்லை. பழைய டொல்பின் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்க முன் எதைக் கவனிக்க வேண்டும்?

துருவை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி; நம் மட்டக்களப்புக் கரையில் வானின் ஆயுளை முடிவு செய்வது உப்புக்காற்றுத்தான். ஒரு சின்னக் காந்தமும் ஸ்குரூ டிரைவரும் கொண்டு போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பெயின்ருக்குக் கீழே தகரம் இல்லை, ஓட்டையடைக்கும் பசையான கட்டலோய் பூசியிருக்கிறார்கள். முன்கண்ணாடியின் இறப்பர் ஓரம், தள்ளுகதவின் கீழ்த் தண்டவாளம், பின்சில்லு வளைவு, கூரைப் பீலி, இவற்றை வரிசையாகத் தட்டிப் பாருங்கள். முன்கண்ணாடி ஓரத்தால் இறங்கும் மழைநீர் கால்மிதிக்குக் கீழே போய்த் தேங்கும். அதனால் மிதியைத் தூக்கித் தரைத் தகரத்தையும் பார்க்க வேண்டும்.

கதவு, வளைவு துருப்பிடித்திருந்தால் வெட்டி ஒட்டலாம். வானின் அடிச்சட்டமான செசியில் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் ஸ்குரூ டிரைவர் இறங்கினால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: பகலில் உள்ளே இருக்கவே முடியாதாமே? கட்டில், அலுமாரி எல்லாம் செய்யக் கொடுத்துவிட்டேன்.

தம்பி, அலுமாரி வேலையை நிறுத்தி வையுங்கள். இங்கே முதலில் காற்று, பிறகுதான் கட்டில். வெயிலில் மூடிக்கிடக்கும் வானுக்குள் நண்பகலில் 50 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும்.

முதலில் நிறுத்தும் திசை. வானின் முகம் மேற்கே இருக்கட்டும். அப்போது இடப்பக்கத் தள்ளுகதவு தெற்கே பார்க்கும். கச்சான் வீசும் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை பிற்பகல் வெயில் வடமேற்கிலிருந்து விழும். கதவுப் பக்கம் நிழலாக இருக்கும். மார்கழியில் வாடையோடு வரும் மழையும் வடகிழக்கிலிருந்து அடிப்பதால் கதவைத் திறந்து வைக்கலாம். முன்கண்ணாடியை வெளிப்பக்கமாக மூடுங்கள். உள்ளே திரை போட்டால் வெப்பம் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிடும்.

அடுத்தது கூரை. வெள்ளைப் பெயின்ற் அடியுங்கள். வளவில் நிரந்தரமாக நிற்கும் வானென்றால் அதற்கு மேலே ஒரு அடி இடைவெளி விட்டுக் கிடுகுப் பந்தல் போடுவதை விடச் சிறந்தது எதுவுமில்லை. உள்கூரைக்கு 25 மில்லிமீற்றர் மூடிய துளை ஃபோம் ஒட்டுங்கள். கண்ணாடிப் பஞ்சு வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகரத்தை உள்ளிருந்து தின்னும். பளபளக்கும் அலுமினியத் தாளைத் தகரத்தோடு ஒட்டினால் பயனில்லை, 2 சென்ரிமீற்றர் காற்றிடைவெளி வேண்டும்.

பிறகு துவாரம். பஸ் கூரையில் பூட்டும் மூடி ஒன்றை வாங்கி, அதில் 12 வோல்ற் கணினி விசிறி நான்கை வெளியே தள்ளும்படி பூட்டுங்கள். நான்கும் சேர்ந்து ஒன்றரை அம்பியர்கூட இழுக்காது. கார் ரேடியேட்டர் விசிறி பூட்டச் சொல்பவர்கள் உண்டு. அது 8, 10 அம்பியர் இழுத்து விடியுமுன் பற்றரியை முடித்துவிடும். மேலே தள்ளும் அளவுக்குக் கீழே, நிழற்பக்கத்தில், நுளம்பு வலை அடித்த வழி இருக்க வேண்டும். கீழ்வழி இல்லாவிட்டால் விசிறி சுற்றும், காற்று நகராது.

காத்தான்குடியிலிருந்து: இதற்கெல்லாம் பதிலாக ஒரு ஏசி பூட்டினால்?

சின்ன ஏசி சராசரி 500 வொட் என்று வையுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 4000 வொட் மணி. 100 அம்பியர் மணி, 12.8 வோல்ற் லிதியம் பற்றரி ஒன்றில் இருப்பது 1280. நாலு பற்றரி வேண்டும், அவற்றைத் தினமும் நிரப்ப ஏறக்குறைய 1000 வொட் சோலார் பனல் வேண்டும். கூரையில் விசிறிக்கே இடம் மிஞ்சாது. பக்கத்து வீட்டிலிருந்து மின்சாரம் எடுக்க முடிந்தால் பூட்டுங்கள்.

ஓட்டமாவடியிலிருந்து: வானின் ஏசியையே இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாமா?

வேண்டாம். நிற்கும் வானில் இஞ்சினை ஓடவிட்டு உறங்கவே உறங்காதீர்கள். சைலன்சரில் சிறு துளை போதும், காபன் மொனொக்சைட் உள்ளே வரும். மணமில்லை, உறக்கத்திலேயே உயிர் போகும். மூடிய வானுக்குள் கரி அடுப்பு, சிரட்டைத் தணல் எல்லாவற்றுக்கும் இதே பதில்.

செங்கலடியிலிருந்து: இரண்டு பேருக்கு எவ்வளவு சோலார்?

20 வொட் விசிறி இரண்டு பத்து மணி நேரம் 400, விளக்கும் போனும் 100, சின்ன 12 வோல்ற் குளிர்பெட்டி 500. மொத்தம் 1000 வொட் மணி. 100 அம்பியர் மணி லிதியம் ஒன்று, 300 வொட் பனல். ஈயப் பற்றரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, ஆகவே 200 அம்பியர் மணி. பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்கட்டும். பியூஸ் இல்லாத வயர் உரசினால் வான் எரியும்.

ஏறாவூரிலிருந்து: நானா, நிழலில் நிறுத்தினால் பனல் வேலை செய்யாது. வெயிலில் நிறுத்தினால் ஆள் இருக்க ஏலாது. எதைச் சொல்கிறீர்கள்?

நிழலில் நிறுத்துங்கள், பனலைக் கழற்றி வெயிலில் வையுங்கள். ஆனால் வயர் தடிப்பாக இருக்கட்டும். 10 மீற்றர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 10 அம்பியர் போனால் ஏறத்தாழ 1.4 வோல்ற் வயரிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீற்றரில் 0.6 தான்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: இதை ஒப்பமாட்டேன். நிலத்தில் வைத்தால் ஆடு ஏறும், கள்ளன் கொண்டு போவான். கூரையில் வைத்தால் பனலே இரண்டாம் கூரையாக நிழல் தருமே.

நிழல் தரும், உண்மை. ஆனால் 300 வொட் பனல் மறைப்பது ஒன்றரைச் சதுர மீற்றர். மீதிக் கூரை வெயிலில்தான். தினமும் ஊர் மாறுபவருக்கு நீங்கள் சொல்வதே சரி: 10 சென்ரிமீற்றர் உயர்த்திப் பூட்டட்டும். இங்கே கேட்பவர்களில் அநேகர் உறவினர் வளவில் நிற்பவர்கள். அவர்கள் பனலைக் கிணற்றடிக் கொட்டில் கூரையில் போல்ற் போட்டுப் பூட்டினால் ஆடும் இல்லை, கள்ளனும் சுலபமாக எடுக்கமாட்டான்.

மீண்டும் ஏறாவூர்: எந்த மரம் நல்லது?

வேம்பு. தென்னைக்குக் கீழே ஒருநாளும் வேண்டாம். தேங்காய்கூடத் தேவையில்லை, காய்ந்த மட்டையே கண்ணாடியை உடைக்கும். முருங்கை வாடைக்காற்றில் முறியும்.

களுவாஞ்சிக்குடி: எங்கள் வளவில் தென்னைதான் இருக்கிறது.

அப்படியானால் வெயிலில் நிறுத்திக் கிடுகுப் பந்தல் போடுங்கள். பனல் கூரைக்குப் போகலாம் என்ற உங்கள் வாதம் பந்தலோடு அடிபடுகிறது, அதையும் யோசியுங்கள்.

பொத்துவிலிலிருந்து: உள்ளே சமைக்கலாமா?

2.3 கிலோ சிலிண்டர் போதும். கேஸ் காற்றை விடப் பாரமானது, கீழே தேங்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டி உட்பக்கம் காற்றுப் புகாததாகவும், அடியில் வெளியே திறக்கும் 5 சென்ரிமீற்றர் துளையோடும் இருக்கட்டும். இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். படுக்க முன் சிலிண்டர் வாயை மூடுங்கள்.

கல்முனையிலிருந்து: ஏசிக்கு ஈய பற்றரி போதுமா?

மேலே காத்தான்குடிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆரையம்பதியிலிருந்து: மலசலகூடம்?

வளவில் இருப்பதைப் பாவியுங்கள். அவசரத்துக்கு மூடியுள்ள வாளியும் தும்புத்தூளும். சிறுநீர் தனிக் கலனில். கலந்தால்தான் நாறும். வாவியில் கொட்டாதீர்கள்.

திருக்கோவிலிலிருந்து: விலாசத்துக்கு என்ன செய்வது?

கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். ஆசனம் கழற்ற முன் மோட்டார் போக்குவரத்து அலுவலகத்திலும்.

வாழைச்சேனையிலிருந்து: மாரி வெள்ளத்துக்கு?

ஐப்பசிக்குள் வளவின் மேட்டுப் பக்கத்துக்கு மாற்றிச் சில்லுகளுக்குக் கீழே தடித்த பலகை கொடுங்கள். மணலில் புதைந்த வானை வெள்ளத்தில் எடுக்க முடியாது. பற்றரி தரையில் இருந்தால் ஒரு அடி உயர்த்துங்கள். வாரம் ஒருமுறை இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். ஓட்ட வழியில்லாமல் நின்றபடி ஸ்ராட் செய்தால் கதவுகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும், உள்ளே ஒருவரும் இருக்கக்கூடாது.