கடுகு அரைச்சு பத்து போட்டு முட்டு பொள்ளிப்போச்சு, என்ன செய்யணும் டாக்டர்?

கேள்வி: டாக்டர், நாங்க கருங்கல் பக்கம். மாமிக்கு 64 வயசு, 12 வருஷமா சுகர். முட்டு வலிக்குன்னு நேத்து ராத்திரி கடுகை பச்சத்தண்ணி விட்டு அரைச்சு பத்து போட்டு, துணி சுத்தி கெட்டிட்டு படுத்துட்டாங்க. காலையில அவுத்துப் பாத்தா ரெண்டு முட்டுலயும் தோல் செவந்து நெல்லிக்கா அளவுக்கு பொள்ளி நிக்குது. தேங்காண்ணெ போடலாமா? தினமும் குழம்புல கடுகு திங்கத்தான செய்யோம், அதுல ஒண்ணும் ஆகல்லியே? தைராய்டு மாத்திரையும் போடுறாங்க, அதுக்கு கடுகே ஆகாதுன்னு ஒருத்தங்க சொன்னாங்க.

பதில்: முதல்ல அந்த கொப்பளத்த உடைக்காதீங்க, ஊசியால குத்தவும் வேண்டாம். தேங்காண்ணெ, மஞ்சப்பொடி, டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். ஒட்டி நிக்கிற கடுகை சோப்பும் பச்சத்தண்ணியும் விட்டு மெதுவா கழுவி, சுத்தமான துணிய லூசா போட்டு மூடி, இன்னைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டுங்க. மருந்து வச்சு கட்டுவாங்க, டிடி ஊசி வேணுமான்னு பாப்பாங்க, சுகரும் பாக்கச் சொல்லுங்க. காய்ச்சல், சீழ், நாத்தம், செவப்பு சுத்தி பரவுறது இதுல ஒண்ணு இருந்தாலும் நேரா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு கூட்டிட்டு போயிருங்க.

இப்போ குழம்பு விஷயம். எங்க அம்மா தயிர் விட்டு வெள்ளரிக்கா கிச்சடி வைக்கும்போது தேங்காயும் பச்சமொளகும் நல்லா அரைஞ்ச பெறவுதான் அம்மில கடுகை வைப்பாங்க, ரெண்டே இழுப்பு, சதைஞ்சா போதும், அதுக்கு மேல அரைச்சா கைக்கும்னு என் கையத் தட்டி விடுவாங்க. அந்த ரெண்டு இழுப்புலயே மூக்குல சுருக்குன்னு ஏறும். அதே கடுகை எண்ணெயில பொரிய விட்டா வாசம்தான் வரும், காரம் வராது. இது ஏன்னு எனக்கு மெடிக்கல் படிக்கும்போதுதான் புரிஞ்சது. முழுக் கடுகுல சினிக்ரின்னு ஒரு பொருளும் மைரோசினேஸ்னு ஒரு என்சைமும் தனித்தனியா இருக்கு, கடுகு ஒடைஞ்சு தண்ணியும் பட்டாத்தான் ரெண்டும் சேந்து அந்த காந்தல் எண்ணெ உண்டாகும், சூட்டுல அந்த என்சைம் செத்துப்போகும், அதனால தாளிச்ச கடுகு சாது. உங்க மாமி செஞ்சது நேர் எதிர், பச்சக் கடுகு, பச்சத்தண்ணி, நைசா அரைச்சது, போதாததுக்கு துணி வேற சுத்தி கெட்டி. பறந்து போக வேண்டிய எண்ணெய ராத்திரி முழுக்க தோலோட அடைச்சு வச்சிருக்காங்க. இது தீப்புண்ணு மாதிரிதான், கெமிக்கல் பொள்ளல்னு சொல்லுவோம்.

பழைய ஆளுக பத்து போட்டது பொய் இல்ல, மேல காந்துற காந்தல்ல உள்ள இருக்கிற வலி கொஞ்ச நேரம் மறந்து போகும், அவ்வளவுதான், தேய்ஞ்ச மூட்டு அதுல வளராது. அப்போவும் பத்து பதினஞ்சு நிமிஷத்துல எடுத்துருவாங்க, படுத்து ஒறங்க மாட்டாங்க. சின்ன பிள்ளைகளுக்கு சளிக்குன்னு நெஞ்சுல போடுறதும் வேண்டாம், அதுக தோலு தாங்காது.

எனக்கு பொள்ளலை விட பெரிய கவலை வேற. அவ்வளவு காந்தியும் மாமி ஏன் முழிக்கல்ல? வருஷக்கணக்கா சுகர் இருந்தா நரம்பு மரத்துப் போகும், முதல்ல பாதத்துல தொடங்கி மெதுவா மேல ஏறும், இது முட்டு வரைக்கும் வந்திருக்கான்னு பாக்கணும். கண்ண மூடச் சொல்லி பஞ்சால கால் பெருவிரலத் தொட்டுப் பாருங்க, தெரியல்லன்னா அதையும் டாக்டர்ட்ட கண்டிப்பா சொல்லுங்க. இனி வெந்நி ஒத்தடம்னாலும் அவங்க கைய நம்பாதீங்க, நீங்க தொட்டுப் பாத்துட்டு வைங்க.

தைராய்டுக்கு பயப்பட வேண்டாம். தாளிக்கிற அரை ஸ்பூன் கடுகால ஒண்ணும் வராது, கிச்சடியும் தின்னலாம். மாத்திரைய மட்டும் வெறும் வயித்துல தண்ணில போட்டு, அரை மணியிலருந்து ஒரு மணி நேரம் கழிச்சு காப்பி குடிக்கட்டும், ஒருபாடு பேரு இதுலதான் கோட்டை விடுறாங்க.

முட்டு வலிக்கு மெடிக்கல்ல போய் அடிக்கடி வலி மாத்திரை வாங்கி முழுங்கினா சுகர்காரங்களுக்கு கிட்னி கெட்டுப்போகலாம். புண்ணு ஆறின பெறவு, கால நீட்டி இருந்து, முட்டுக்கு அடியில டவல சுருட்டி வச்சு, அத கீழ அமுக்கி 5 செகண்ட் புடிச்சு விடணும், 10 தடவ, காலையும் சாயந்திரமும். தரையில சம்மணம் போட்டு இருந்து மீன் வெட்டுறத நிறுத்தச் சொல்லுங்க (கேக்க மாட்டாங்கன்னு தெரியும், எங்க வீட்லயும் கேக்கல்ல), ஒரு ஒசரமான மேசை போட்டு குடுங்க. மிச்சம் அரைச்ச கடுகு கிண்ணத்துல இருந்தா கொட்டிட்டு கையையும் நல்லா கழுவுங்க, அந்த கையோட கண்ணத் தொட்டுறாதீங்க.